மடக்கு வீட்டுக்குக் குடிபூரல்

கீர்த்திகா கலியாணம் முடித்துக் கரவெட்டியிலிருந்து கொக்குவிலுக்கு வந்து நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அந்த நாலு வருடத்தில் கணவன் குகதாசனோடு முழுதாக ஒரு நாள் தனியாக இருந்ததில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருப்பவர்கள் என்பதால் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த அறையைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

வீட்டில் அறை மூன்று, ஆட்கள் எட்டுப் பேர். ஓர் அறையில் குகதாசனின் அக்கா மதுரா, அவளுடைய கணவன் சுரேஸ், அவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர். தங்கள் வீடு கட்டி முடியும்வரை ஆறு மாதம் இருக்கிறோம் என்று வந்தவர்கள், மூன்றாவது தைப்பொங்கலையும் இங்கேயே பொங்கிவிட்டார்கள். மற்ற இரண்டும் உண்மையில் ஒரே அறை. மாமனார் தியாகராசாவுக்கும் மாமியார் பாலேஸ்வரிக்கும் பாதி, இவர்களுக்குப் பாதி. நடுவில் இருந்த பலகைத் தடுப்பு குகதாசன் தன் கையாலேயே அடித்தது. வேலை சுத்தம், பலகைதான் மெல்லியது. ஒருநாள் கீர்த்திகா வாய்க்குள்ளேயே, "நாளைக்கு நல்ல விளைமீன் வாங்குவமே?" என்று கணவனிடம் கேட்டாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளை" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி பதில் சொன்னார். அதன் பிறகு அவள் அந்த அறைக்குள் மீனைப் பற்றிக்கூடக் கதைப்பதில்லை.

இந்த இலட்சணத்தில் மாமி, மகன் வழியில் ஒரு பேரப்பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். பலகையை எடுத்துவிட்டுக் கல்லால் ஒரு சுவர் கட்டினால் சாமிக்குப் பாதி வேலை குறையும் என்று கீர்த்திகா நினைப்பாள். நினைக்கத்தான் முடியும்.

ஆனால் அவளுக்கு உள்ளே வேறொரு பயம் இருந்தது. இடம் கிடைத்தால் மட்டும் போதுமா, இரண்டு பேருக்கும் கதைக்க ஏதாவது இருக்குமா? குகதாசன் தங்கமான மனிதன். குடி இல்லை, கோபம் இல்லை. கொக்குவில் சந்திக்குப் பக்கத்தில் அலுமினிய வேலைக்கடை வைத்திருந்தான். குசினி அலுமாரி, கண்ணாடிக் கதவு, ஒரு முழ இடத்துக்குள் மூன்று முழச் சாமானை அடக்கும், இழுத்துத் திறக்கிற லாச்சி, இவைதான் அவன் உலகம். வாயைத் திறந்தால் கதவுப் பிணைச்சல், மூடினால் நித்திரை. கீர்த்திகா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்த டொக்டரின் கையெழுத்தையும் ஒரு பார்வையில் வாசித்துவிடுவாள். சொந்தப் புருஷனை மட்டும் அவளால் வாசிக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவன்தான் போன வருடம் ஒரு பின்னேரம் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அக்கம்பக்கம் பார்த்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு சின்னப் பெட்டி. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிறார்கள். போன இடத்தில் மூடியைத் தூக்கிச் சுவர்களை நிமிர்த்தினால் அது ஒரு வீடு.

"உதை நான் செய்யப்போறன்" என்றான். "சுரேஸ் அத்தானின்ரை வானுக்குப் பின்னாலை கொழுவிக்கொண்டு மணல்காட்டுக் கடற்கரைக்குப் போவம். ரெண்டு நாள். நீரும் நானும் மட்டும்."

"மாமா மாமி?"

"இடம் காணாது. ரெண்டு பேருக்குத்தான் செய்யிறது."

நாலு வருடத்தில் அவன் அவளுக்கு நகை வாங்கிக் கொடுத்திருக்கிறான், சீலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். எதற்கும் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எட்டு மாதம் வேலை நடந்தது. கடை பூட்டிய பிறகு வீட்டு முற்றத்தில்தான் எல்லாம். பழைய இழுவைப் பெட்டி ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே அலுமினியத்தால் கட்டினான். கீர்த்திகா வேலையால் வந்து, தேத்தண்ணியோடு ஒரு வாங்குப் பலகையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். அவன் பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போவான். அவள் "ம்" போடுவாள். மடித்து வைத்தால் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டகம். மூடிதான் கூரை. அதை உயர்த்தக் காரின் பின்கதவுக்குப் போடுகிற காற்றுத் தண்டு நாலு. முன்சுவரும் பின்சுவரும் கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும், பக்கச் சுவர்கள் இரண்டும் அடியில் படுத்திருக்கும். பக்கச் சுவர்களை முதலில் நிமிர்த்திவிட்டுத்தான் மற்ற இரண்டையும் கூரையிலிருந்து இறக்க வேண்டும். கட்டில், லாச்சி மாதிரி முன்பக்கமாக வெளியே வரும். அடுப்பு ஒரு தட்டில் இருந்து வெளியே சுழன்று வரும், கை கழுவும் தொட்டிக்கு மேலே மூடி போட்டால் அது மரக்கறி வெட்டுகிற பலகை. எல்லாம் விரித்து முடிக்க ஏழு நிமிடம் என்று நேரம் பிடித்து வைத்திருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது. பிழை நடந்தது குடிபூரலில், புது வீடு புகுகிற சடங்கில்.

புது வாகனம் என்றால் கோயிலுக்குக் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் றோட்டில் இறக்கக் கூடாது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாலேஸ்வரி ஒரு கேள்வி கேட்டார். "படுக்கக் கட்டில் இருக்கு, சமைக்க அடுப்பு இருக்கு. அப்ப உது வீடுதானே? பால் காய்ச்சாமல் குடி போறதோ?"

"சில்லு இருக்கிறதெல்லாம் வாகனம்" என்றார் தியாகராசா.

"கூரை இருக்கிறதெல்லாம் வீடு" என்றார் பாலேஸ்வரி.

இரண்டு நாள் இந்த வழக்கு நடந்தது. கடைசியில் இரண்டையும் செய்வது என்று தீர்ந்தது. கோயிலில் தேசிக்காய் நசிந்தது. புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நல்லநேரம் பார்த்து, முற்றத்தில் வீட்டை விரித்து, நிறைகுடம் வைத்தார்கள். அடுப்பு வெளியே இருந்து பால் காய்ச்சினால் வீட்டுக்குள் காய்ச்சினதாகாது என்று மாமி சொன்னதால், குகதாசன் அதை உள்ளே சுழற்றிக் கொடுத்தான். குடிபூரல் என்றால் குடும்பம் முழுக்க உள்ளே நிற்க வேண்டும். இரண்டு பேருக்குச் செய்த வீட்டுக்குள் எட்டுப் பேரும் வலது காலை வைத்து ஏறினார்கள். பால் பொங்கியது. கீர்த்திகாவின் முழங்கை சுரேஸின் பிள்ளை ஒன்றின் வாய்க்குள் இருந்தது.

அத்தோடு பாலைக் குடித்துவிட்டு இறங்கியிருந்தால் ஒன்றும் இல்லை. இறங்குகிற நேரம் பார்த்து சுரேஸ், "அட மச்சான், உந்த மேசை என்னத்துக்கு?" என்று கேட்டான்.

குகதாசனுக்குத் தலைகால் தெரியவில்லை. எட்டு மாதத்தில் வீட்டில் ஒருவரும் அவனிடம் கேள்வி என்று ஒன்று கேட்டதில்லை.

"தேத்தண்ணி குடிக்க, அத்தான். ஆனால் இஞ்சை பாருங்கோ." மேசையின் காலை மடக்கினான். மேசை இறங்கி, அதற்கு இரு பக்கமும் இருந்த வாங்குகளுக்கு நடுவில் மட்டமாக உட்கார்ந்தது. "மேலை மெத்தையைப் போட்டால்..."

"ரெண்டு பேர் படுக்கலாம்!" என்றாள் மதுரா.

கீர்த்திகா அவனைப் பார்த்தாள். கண்ணைக் காட்டினாள். அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உந்த மேல்தட்டு?" என்றார் தியாகராசா.

"அது சாமான் வைக்க, அப்பா. கன்வஸ் சீலைதான். ஆனால் குழாய் ரெண்டும் நல்ல தடிப்பு. எழுபது கிலோ தாங்கும்."

பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குள் மேலே ஏறிவிட்டார்கள். தாங்கியது. கீர்த்திகா அவன் காலை மிதித்தாள். அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

"கட்டிலிலை ரெண்டு, வாங்கிலை ரெண்டு, மேலை ரெண்டு" என்று பாலேஸ்வரி விரல் விட்டு எண்ணினார். "ஆறு பேர் வசதியாப் படுக்கலாம். நான் மணல்காட்டுப் பக்கம் போய் எத்தினை வருசம்!"

யாருக்கும் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் கொடுமை. பாராட்டிப் பாராட்டித்தான் அவளுடைய இரண்டு நாளையும் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்துக்கொடுத்தவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. விடிந்ததும் வானுக்குள் சாமான் ஏறத் தொடங்கியது. அரிசி, மிளகாய்த்தூள் போத்தல், புட்டுப்பானை, தேங்காய் துருவுகிற திருவலை, மாமாவின் சாய்மனைக் கதிரை. எல்லாரும் குளித்துத் திருநீறு பூசி நின்றார்கள். கீர்த்திகா குசினியில் பாத்திரங்களை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். குகதாசன் மெல்ல உள்ளே வந்தான்.

"நீர் இன்னும் வெளிக்கிடேல்லையே?"

"நாங்கள் எங்கை படுக்கிறது?"

"வானுக்கை. அதுவும் பிரச்சினையில்லை. பின் சீற்றை மடிச்சால்..."

"இன்னும் மடிக்கப் போறீங்களோ?" என்று சட்டியைக் கீழே வைத்தாள். "மேசையை மடிச்சீங்கள், அடுப்பை மடிச்சீங்கள். என்னையும் எங்கையாவது மடிச்சு வையுங்கோவன். நான் வரேல்லை."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குச் சொல்ல வாய் வரேல்லை" என்றான். "அம்மா அவ்வளவு ஆசையாக் கேக்கேக்கை... நான் என்ன செய்ய? இடமில்லை எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது?"

கீர்த்திகா ஈரக் கையோடு நின்று ஜன்னலால் முற்றத்தைப் பார்த்தாள். வானைச் சுற்றி ஆறு பேர். உள்ளே திரும்பிப் பார்த்தாள். விறாந்தை, கூடம், மூன்று அறை, குசினி.

"சொல்ல வேண்டாம்" என்றாள். "அவையள் போகட்டும்."

"என்ன?"

"ஆறு பேரும் போகட்டும். ஆறு பேருக்கு இடமிருக்கு, படுக்கட்டும். எட்டு மாதமா இடம் இடம் எண்டு தேடினீங்களே. அவையள் போனால் இஞ்சை எவ்வளவு இடம் எண்டு பாருங்கோ."

குகதாசன் பார்த்தான். கூடத்தை ஒரு தரம், அறைகளை ஒரு தரம். அளவு எடுக்கிறவன்போலப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் வேறொன்று வந்தது.

"அப்ப உதை அங்கை ஆர் விரிக்கிறது?"

அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தரம் சொல்லியிருக்கிறான். போயா நாள், கடற்கரையில் சனம், சவுக்குமரத்தடியில் ஒரு பெட்டி வந்து நிற்கும். இவன் இறங்கி, ஏழு நிமிடத்தில் வீடாக நிமிர்த்துவான். சனம் சுற்றி நிற்கும். எட்டு மாதமும் அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அவன் முற்றத்துக்குப் போய், "அத்தான், ஒருக்கால் இஞ்சை வாங்கோ. உதை விரிக்கிறது எப்பிடி எண்டு காட்டுறன்" என்றான். தன் திருகாணிச் சாவியைக்கூட யாரையும் தொட விடாதவன் அவன். மூன்று தரம் விரித்து, மூன்று தரம் மடித்துக் காட்டினான். சுரேஸ் மூன்று தரமும், "விளங்கீற்று மச்சான், விளங்கீற்று" என்றான்.

அலுமினியத் தகடு ஏற்றிக்கொண்டு லொறி வருகிறது, ஆள் நிற்க வேண்டும் என்று குகதாசன் ஒரு பொய் சொன்னான். போயாவில் என்ன லொறி என்று தியாகராசா கேட்டார். கொழும்பிலிருந்து வருவதற்குப் போயா தெரியாது என்றான். அப்ப பிள்ளையாவது எங்களோடு வரட்டும், அங்கே சமைக்க ஆள் வேண்டும் என்றார் பாலேஸ்வரி.

"அப்ப எனக்கு ஆர் சமைக்கிறது?" என்றான் குகதாசன்.

வேறு ஒரு நாள் என்றால் இந்தக் கதைக்குக் கீர்த்திகா ஒரு கிழமை அவனோடு கதைத்திருக்க மாட்டாள். இன்றைக்கு அது காதில் தேனாக விழுந்தது.

பதினொரு மணிக்கு வான் வெளிக்கிட்டது. பின்னால் மடக்கு வீடு குலுங்கிக்கொண்டு போனது. குகதாசன் சந்திவரை நடந்து போய், அது திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு வந்தான். கீர்த்திகா தெருப் படலையைச் சாத்தினாள்.

இனித்தான் பிரச்சினை. வீடு அமைதியாக இருந்தது. இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கூடத்தின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். அவன் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்ப் படலையின் பிணைச்சலுக்கு விட்டான். பிறகு முன்கதவுக்கு. பிறகு ஜன்னல்களுக்கு. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டார்கள்.

"கத்தரிக்காய் நல்லாயிருக்கு" என்றான்.

"ம்."

"அம்மாவையள் இப்ப பருத்தித்துறை தாண்டியிருப்பினம்."

"தாண்டியிருப்பினம்."

அவ்வளவுதான். பயந்தபடியே ஆகிவிட்டது. தடுப்புப் பலகையில் பிழை இல்லை, மாமியில் பிழை இல்லை. எங்களுக்குள் கதைக்க ஒன்றும் இல்லை, அதுதான் உண்மை என்று நினைத்தாள். அழுகை வந்தது. கோப்பையைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போனாள்.

பின்னேரம் நாலு மணிக்குக் கைபேசி அடித்தது. சுரேஸ்.

"மச்சான், கோயிலடியிலை சாப்பிட்டுப்போட்டு இப்பதான் வந்தம். உது நிமிருதில்லை. பக்கச் சுவர் அரைவாசியிலை இறுகி நிக்குது."

"எதை முதல் செய்தனீங்கள்?"

"கடல் பக்கமிருந்து மணல் அள்ளி அடிக்குது. மாமி சொன்னா அந்தப் பின்சுவரை முதல் இறக்கு எண்டு. இறக்கினன்."

குகதாசன் தலையில் கை வைத்தான். "அத்தான், அதை முதல் இறக்கினால் பக்கச் சுவர்ப் பனல் ரெண்டும் சுத்த இடமில்லை. பின் பனலைத் தொண்ணூறு பாகைக்கு எடுத்து, மேல் ஸ்பிறிங் லொக்கைப் பன்னிரண்டு மில்லிமீற்றர் உள்ளுக்குத் தள்ளி..."

"என்ன மச்சான் சொல்லுறாய்? நீ வந்தால்தான் சரி."

தியாகராசா கைபேசியை வாங்கினார். "தம்பி, சனமெல்லாம் சுத்தி நிண்டு சிரிக்குது. உன்ரை பேர்தான் போகுது. நீ மோட்டச்சைக்கிளிலை கெதியா வா. இல்லாட்டி நாங்கள் திரும்பி வாறம்."

குகதாசன் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டான். மோட்டச்சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்தான். எடுத்துவிட்டுக் கீர்த்திகாவைப் பார்த்தான். ஒன்றில் அவன் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வருவார்கள். எப்படிப் பார்த்தாலும் முடிந்தது. அவள் அவனிடம் போய்க் கையை நீட்டினாள். திறப்பைக் கேட்கிறாள் என்று நினைத்து அதைக் கொடுத்தான்.

"ஃபோனைத் தாங்கோ" என்றாள். "மாமா, மச்சாளிட்டைக் குடுங்கோ. மச்சாள், கேக்குதே? ஆம்பிளையளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. இப்ப அந்தப் பின்சுவரின்ரை கீழ் விளிம்பிலை பிடியுங்கோ. காலமை கடை திறக்கேக்கை முன்தட்டியை எப்பிடித் தூக்கிக் கொழுவுவாங்கள்? அப்பிடி மேலை தூக்குங்கோ. கூரையிலை முட்டினதும் ஒருக்கால் மேலை அமத்திப்போட்டு உங்கடை பக்கம் இழுங்கோ. 'டக்' எண்டு கேக்கும்."

"கேட்டது" என்றாள் மதுரா.

"விட்டுப் பாருங்கோ. நிக்குதே? இப்ப இடது பக்கச் சுவர். நிமித்துங்கோ. கனக்கும், பாதிக்கு மேலை தானா எழும்பும். மூலையிலை ரெண்டு கொளுக்கி இருக்கு. கீழ்க் கொளுக்கியை முதல் போடுங்கோ, மேலை பிறகு. மாறிப் போட்டால் கதவு பூட்டாது. ஓம். இனி வலது பக்கம், அதே மாதிரி. அது முடியத்தான் முன்சுவரும் பின்சுவரும்."

பத்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் சனம் கை தட்டுவது கேட்டது. பிள்ளைகள் கூவினார்கள். "பிள்ளை, நிமிந்திட்டுது! வீடு மாதிரியே நிக்குது!" என்று பாலேஸ்வரி தூரத்திலிருந்து கத்தினார்.

கீர்த்திகா கைபேசியை மேசையில் வைத்தாள். குகதாசன் சேட்டின் பொத்தானைப் பாதி பூட்டியபடியே நின்றான்.

"கீழ்க் கொளுக்கி முதல் எண்டு நான் அத்தானுக்குக்கூடச் சொல்ல மறந்திட்டன்" என்றான். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"போன ஆவணியிலை சொன்னனீங்கள். ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினாப் பிறகு."

"நீர் உதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தனீர்?"

"பின்னை? வேறை என்ன கதைச்சனீங்கள், நான் கேக்க?"

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிக்கக் கண் கலங்கிவிட்டது. குகதாசன் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு இருந்தான்.

"நான் சொல்லுறதை ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டுதான் நினைச்சனான்" என்றான். கதிரையை இன்னும் கிட்ட இழுத்து, "நீர் சொல்லும். நான் கேக்கிறன்" என்றான்.

"என்னத்தைச் சொல்ல?"

"என்னெண்டாலும். நாலு வருசத்திலை சொல்லாமல் விட்டதெல்லாம்."

எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. கலியாணமாகி நாலாம் நாள் அவளுடைய தேத்தண்ணியில் மாமி மூன்று கரண்டி சீனி போட்ட கதையில் தொடங்கினாள். அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போனாள், அங்கிருந்து அம்மாவின் காலுளைவுக்கு, அங்கிருந்து படிக்க ஆசைப்பட்டுப் படிக்காமல் விட்ட கோர்சுக்கு. கைபேசி சிணுங்கியது. மணல்காட்டிலிருந்து படம். திரும்பவும் சிணுங்கியது. இன்னும் நாலைந்து படம். சவுக்குமரத்தடியில், மணலில், சனம் சூழ அவனுடைய வீடு முதல்முதலாக நிமிர்ந்து நிற்கிறது.

குகதாசன் கையை நீட்டிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"பிறகு?" என்றான்.